விடை வேண்டாம், போதுமா என்று மட்டும் சொல்

எம்பிஏ சேர்க்கைக்கான ஜிமேட் தேர்வில் ஒரு விநோதமான கேள்வி வகை உண்டு. பெயர் டேட்டா சஃபிஷியன்சி. தமிழில் தரவுப் போதுமை எனலாம். ஒரு கேள்வி, அதன் கீழே இரண்டு கூற்றுகள். விடையைக் கண்டுபிடிக்க வேண்டாம். கண்டுபிடிக்க இந்தத் தகவல் போதுமா என்று மட்டும் சொல்ல வேண்டும். முதல் கூற்று மட்டும் போதும், இரண்டாவது மட்டும் போதும், இரண்டும் சேர்ந்தால்தான் போதும், எது தனியாக இருந்தாலும் போதும், சேர்ந்தாலும் போதாது. எந்தக் கணக்கானாலும் தெரிவுகள் இந்த ஐந்துதான்.

பயிற்சி வகுப்புகளில் இதற்கு ஒரு சூத்திரம் சொல்லித் தருவார்கள்: தெரியாதவை இரண்டு என்றால் சமன்பாடு இரண்டு வேண்டும். என் பிரச்சினை இந்தச் சூத்திரத்தோடுதான். ஒரு கணக்கைப் பார்ப்போம்.

டீ 12 ரூபாய், வடை 7 ரூபாய். ஒருவர் இரண்டிலும் வாங்கினார். எத்தனை டீ? கூற்று 1: மொத்தச் செலவு 59 ரூபாய். கூற்று 2: மொத்தம் 7 உருப்படிகள்.

சூத்திரக்காரர் உடனே 'இரண்டும் சேர்ந்தால்தான்' என்பார். ஆனால் அரை வடை யாரும் விற்பதில்லை. 59-இல் ஒரு டீயின் விலையைக் கழித்தால் 47, இரண்டு டீ என்றால் 35, மூன்று என்றால் 23, நான்கு என்றால் 11. இதில் 7-ஆல் வகுபடுவது 35 மட்டுமே. ஆக, முதல் கூற்று ஒன்றே போதும். இரண்டாவது அங்கே இருப்பதே நம்மை இழுத்து விழவைக்கத்தான்.

தலைகீழாகவும் நடக்கும். இரண்டு எண்களில் பெரியது எது? கூற்று 1: கூட்டல் 10. கூற்று 2: சராசரி 5. சமன்பாடு என்னவோ இரண்டுதான், ஆனா தகவல் ஒன்றுதான். சேர்ந்தாலும் போதாது.

'ஆமாம், இல்லை' வகைக் கேள்விகளில் இன்னொரு குழி. ஓர் எண் மிகை எண்ணா என்று கேட்கிறார்கள். அதன் கனம் மைனஸ் 27 என்கிறது கூற்று. எண் மைனஸ் 3, விடை 'இல்லை'. பலர் இதைப் 'போதாது' என்று குறித்துவிடுகிறார்கள். உறுதியான 'இல்லை'யும் விடைதான். தெரியாமல் இருப்பது வேறு, இல்லையென்று தெரிவது வேறு.

இந்தக் கேள்வி வகை எனக்கு ஏன் பிடிக்கிறது என்பதற்கு ஒரு பழைய ஆய்வைச் சொல்ல வேண்டும். பிரான்ஸில் கிரனோபில் நகரக் கணிதக் கல்வி ஆய்வாளர்கள் சிறு வகுப்புக் குழந்தைகளிடம் ஒரு கணக்குக் கொடுத்தார்கள். கப்பலில் 26 செம்மறியாடு, 10 வெள்ளாடு. கப்பல் தலைவனின் வயது என்ன? 1980-இல் வெளியான அந்த ஆய்வில், 97 பேரில் 76 பேர் அந்த எண்களை வைத்தே ஏதோ ஒரு வயதைக் கணக்கிட்டுச் சொன்னார்கள். குழந்தைகள் முட்டாள்கள் இல்லை. கணக்கு என்றால் விடை இருக்கும், கொடுத்த எண் எல்லாம் பயன்படும் என்று பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான். 'தெரியாது, தகவல் போதாது' என்ற பதிலுக்கு மதிப்பெண் தருகிற தேர்வு அபூர்வம். 2023 நவம்பரில் ஜிமேட் மாற்றியமைக்கப்பட்டபோது இந்த வகை கணிதப் பகுதியிலிருந்து 'டேட்டா இன்சைட்ஸ்' பகுதிக்குப் போனது. சரியான இடமாற்றம். சோதிக்கப்படுவது கணக்குப் போடும் வேகம் இல்லையே.

ஆனாலும் இரண்டு குறைகள். ஒன்று, ஜிமேட்டில் இரு கூற்றுகளும் உண்மை, ஒன்றையொன்று மறுக்காது என்பது விதி. தேர்வு எழுதுபவருக்கு அது வசதி: இரண்டிலிருந்தும் வேறு வேறு விடை வந்தால் கணக்கில் எங்கோ பிசகு என்று அர்த்தம். மென்பொருள் வேலையில் அந்த வசதி கிடையாது. வாடிக்கையாளர் ஒன்று சொல்வார், லாக் ஃபைல் இன்னொன்று சொல்லும். போதுமா என்பதற்கு முன்னால் நம்பலாமா என்று கேட்க வேண்டியிருக்கும்.

இரண்டாவதுதான் பெரிய குறை. 'போதாது' என்றதும் தேர்வு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறது. உண்மையான யோசனை அங்கேதான் தொடங்குகிறது: வேறென்ன தெரிந்தால் போதும்? கூட்டல் 10 கணக்கில், இரு எண்களின் வித்தியாசம் 4 என்று மட்டும் தெரிந்தால் 7, 3 என்று முடிந்துவிடும்.

தயாராகிறவர்களுக்கு என் யோசனை இதுதான். 'போதாது' என்று முடிகிற ஒவ்வொரு கணக்கிலும், அதைத் தீர்க்கக்கூடிய மிகச் சிறிய மூன்றாவது கூற்றை நீங்களே எழுதிப் பாருங்கள். அதற்கு மதிப்பெண் கிடையாது. வேலைக்குப் போன பிறகு தினமும் தேவைப்படுவது அதுதான்.