மன்னிப்பும் கடனும்: தோல்ஸ்தோயின் 'புத்துயிர்ப்பு' குறித்துச் சில சிந்தனைகள்

கிறிஸ்தவ அறவியலில் மன்னிப்பும் அன்பும் பிரிக்கவொண்ணாதவை என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட கருத்தாகும். ஆயின் யார் யாரை மன்னிப்பது, மன்னிப்பைக் கேட்பவருக்கும் அளிப்பவருக்குமிடையே நிலவும் சமூக உறவு யாது என்னும் வினாக்களை எழுப்புவோர் சிலரே. பிரசங்க மேடையிற் பேசப்படும் மன்னிப்புக்கு வர்க்கமுமில்லை, பாலுமில்லை. இலக்கியத்திலோ மன்னிப்புக் கேட்பவனுக்குப் பெயரும் நிலமும் வருமானமும் உண்டு. கேட்கப்படுபவளுக்கும் ஒரு வரலாறு உண்டு. லியோ தோல்ஸ்தோய் 1899 இல் வெளியிட்ட 'புத்துயிர்ப்பு' நாவலை இந்நோக்கில் மீண்டும் வாசித்தல் பயனுடையதென நாம் கருதுகிறோம்.

நாவலின் கரு முழுதும் கற்பனையன்று. 1887 இல் சட்ட அறிஞர் கோனி தமக்குக் கூறிய உண்மைச் சம்பவமொன்றையே தோல்ஸ்தோய் பத்தாண்டுகளுக்கு மேலாகத் தொட்டும் விட்டும் எழுதி முடித்தார். இளவரசன் நெஹ்லூதவ் தன் அத்தைமாரின் பண்ணையிலே பாதி வளர்ப்புப் பிள்ளையாகவும் பாதிப் பணிப்பெண்ணாகவும் வாழ்ந்த கத்யூஷா மாஸ்லவாவை உயிர்த்த ஞாயிறுத் திருநாளையொட்டிக் கெடுத்து, நூறு ரூபிள் நோட்டொன்றை அவளிடம் திணித்துவிட்டுச் செல்கிறான். ஆண்டுகள் பல கழிந்தபின் அவன் ஜூரிமாருள் ஒருவனாக அமர்ந்திருக்கும் நீதிமன்றிலே, வணிகன் ஒருவனை நஞ்சூட்டிக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட விலைமகளாக அவள் நிறுத்தப்படுகிறாள். 'கொல்லும் எண்ணமின்றி' என்ற சொற்களைச் சேர்க்க ஜூரிமார் மறந்துவிட்டமையால் அவளுக்குச் சைபீரியாவில் நான்காண்டுக் கடூழியம் விதிக்கப்படுகிறது.

நெஹ்லூதவ் முதன்முதலாக மன்னிப்புக் கேட்கும் இடம் விதந்து நோக்கற்பாலது. சிறைச்சாலையின் பார்வையாளர் கூடத்தில் இரண்டு கம்பிவலைகள். அவற்றினிடையே காவலர் நடமாடுகின்றனர். இருபுறமும் மக்கள் ஒருவர் குரல் ஒருவருக்குக் கேளாவண்ணம் கூவுகின்றனர். அவ்விரைச்சலிடையே, மனனஞ் செய்த பாடத்தை ஒப்புவிக்கும் மாணவனைப் போல, உணர்ச்சியற்ற உரத்த குரலில் அவன் தன்னை மன்னிக்குமாறு கேட்கிறான். அவன் சொல்வது தனக்குக் கேட்கவில்லை என்கிறாள் அவள். தனியாகச் சந்திக்க வாய்ப்புக் கிட்டியதும் அவள் கேட்பது பத்து ரூபிள். மன்னிப்பைப் பற்றிய எத்தனையோ ஆயிரம் பிரசங்கங்கள் சொல்லாததை இந்த ஒரு காட்சி சொல்லிவிடுகிறது. வலைக்கு இப்புறம் நின்று கேட்கப்படும் மன்னிப்பு அப்புறம் சென்றடைவதில்லை.

மறுமுறை அவன் அவளைத் தான் மணப்பதாகக் கூறியபோது அவள் சீறுகிறாள். இவ்வுலகில் தன்னை நுகர்ந்தவன் மறுவுலகிலும் தன்னைக் கொண்டே ஈடேற நினைக்கிறான் என்பதே அவளுடைய குற்றச்சாட்டின் சாரம். இதனை மதுவின் வெறியிற் பிறந்த கூற்றெனச் சிலர் தள்ளிவிடலாம். நாம் இதனை நாவலின் அறவியல் மையமாகவே கொள்கிறோம். திருமணப் பிரேரணை இரண்டாவது நூறு ரூபிள் நோட்டு என்பதை அவள் கண்டுகொள்கிறாள். முதலாவது அவனுடைய கூச்சத்தைத் தீர்த்தது. இரண்டாவது அவனுடைய ஆன்மாவைத் தீர்க்க வந்தது. இரண்டிலும் கணக்கு அவனுடையதே.

கணக்கு என்றோம். விவிலிய மரபில் மன்னிப்புக் கடனின் மொழியிலேயே பேசப்பட்டது. மத்தேயு தரும் பரமண்டலப் பிரார்த்தனை, புரட்டஸ்தாந்தரின் தமிழ் வேதாகமத்திற் கடன், கடனாளி என்னும் சொற்களையே கையாள்கிறது. நாவலின் முடிவில் நெஹ்லூதவ் வாசிக்கும் மத்தேயு 18 ஆம் அதிகாரமும் கடன் பற்றியதே. 10,000 தாலந்து கடன்பட்ட ஊழியனுக்கு அரசன் முழுவதையும் விட்டுக்கொடுக்கிறான். அவனோ தனக்கு 100 வெள்ளிக்காசு தரவேண்டிய உடன் ஊழியனைச் சிறையிலிடுகிறான். தாலந்து ஒன்று ஏறத்தாழ 6,000 காசுக்குச் சமம்; காசு ஒன்று கூலியாளின் ஒரு நாட் சம்பளம். விட்டுக்கொடுக்கப்பட்டது எண்ணிப்பார்க்கவியலாத தொகை. பற்றிப் பிடிக்கப்பட்டது நூறு நாட் கூலி.

தண்டிக்கத் தகுதிபெற்ற குற்றமற்றவர் எவருமிலர். ஆகவே எப்பொழுதும் எல்லோரையும் மன்னித்தல் வேண்டும் என்பதே இவ்வுவமையிலிருந்து நெஹ்லூதவ் பெறும் தெளிவு. நீதிபதிகளையும் சிறை அதிகாரிகளையும் ஆளுநர்களையும் நோக்கி இவ்வாதம் கூர்வாளாக நிற்கிறது. பெருங்கடன் மன்னிக்கப்பட்டவர்கள் சிறுகடனுக்காக ஏழைகளின் கழுத்தை நெரிக்கின்றனர். ஆனால் மாஸ்லவாவின் விடயத்தில் இவ்வுவமை தலைகீழாகிவிடுகிறது. இங்கே கடனாளி பிரபு. கடன் கொடுத்தவள் கைதி. எல்லோரும் குற்றவாளிகளே என்னும் பொதுவிதிக்குள் நெஹ்லூதவின் குற்றமும் கரைந்துபோகிறது. இதனையே நாம் இறுதி அதிகாரத்தின் குறைபாடென்போம்.

இக்குறைபாட்டைத் தோல்ஸ்தோயின் கலை முன்னரே அறிந்திருந்தது. இரண்டாம் பாகத்தில் நெஹ்லூதவ், அத்தைமாரிடமிருந்து தனக்கு வந்த பானவா கிராமத்து நிலத்தை ஹென்றி ஜோர்ஜின் கொள்கைப்படி விவசாயிகளுக்கு விட்டுக்கொடுக்க முன்வருகிறான். அவர்கள் நம்பவில்லை, இதில் ஏதோ சூழ்ச்சி உண்டெனவே முதலில் எண்ணுகின்றனர். கத்யூஷா கெடுக்கப்பட்டதும் இதே பண்ணையிலேதான். தலைமுறைகளாகப் பறித்த கை கொடுக்க நீளும்போது பெறுபவர் ஐயுறுதல் இயல்பே. விவசாயிகளின் ஐயமும் மாஸ்லவாவின் சீற்றமும் ஒரே வேரினின்றும் கிளைத்தவை.

முற்போக்கு விமர்சகர்கள் தோல்ஸ்தோயை அணுகும்போது லெனின் 1908 இல் எழுதிய கட்டுரையை ஆதாரமாகக் கொள்வது வழக்கம். ஈவிரக்கமற்ற சமூக விமர்சனம் ஒருபுறமும் தீமையை எதிர்க்காமை என்னும் போதனை மறுபுறமுமாக அமைந்த முரண்பாட்டை அக்கட்டுரை சுட்டியது. அம்முரண்பாடு மெய்யே. எனினும் நம்மவருட் சிலர் அதனை வாய்பாடாக்கி, தோல்ஸ்தோயின் கிறிஸ்தவத்தை ஒதுக்கிவிட்டு மிகுதியை மட்டும் ஏற்கின்றனர். இது எளிய வழி. அவருடைய கிறிஸ்தவமே சிறைக்கோவிலின் பூசையைத் தோலுரித்தது. 1901 இல் ரஷ்யத் திருச்சபையின் உயர்பீடம் அவரைப் புறம்பாக்கக் காரணமாயிற்று. ஆயுதந்தாங்க மறுத்த தூகபோர்ப் பிரிவினர் 7,000 பேருக்கு மேற்பட்டோர் கனடாவிற் குடியேற இந்நாவலின் வருவாயைத் தந்தது.

செகாவ் 1900 இல் எழுதிய கடிதமொன்றில், எல்லாவற்றையும் சுவிசேஷ வாசகமொன்றினால் தீர்த்துவைப்பது முடிவாகாது எனக் கருத்துத் தெரிவித்தார். இதில் நாம் அவருடன் உடன்படுகிறோம். ஆயின் நெஹ்லூதவ்-கத்யூஷா உறவே நாவலின் சுவைகுன்றிய பகுதி என அதே கடிதத்தில் அவர் கூறுவதை ஏற்பதற்கில்லை.

ஏனெனில் நாவலின் உண்மையான முடிவு அவ்வுறவிலேயே உள்ளது. பேரரசனின் பெயரால் தண்டனைக் குறைப்புப் பத்திரம் வந்துவிட்டது; அதுவும் ஒருவகை மன்னிப்பே, முத்திரையிட்டது. மாஸ்லவாவோ அரசியற் கைதியான சிமன்சனுடன் செல்லத் தீர்மானிக்கிறாள். விடைபெறுகையில் அவள் 'ப்ரஷாய்த்தே' என்னும் வழக்கமான பிரியாவிடைச் சொல்லைக் கூறாமல் 'ப்ரஸ்தீத்தே' என்கிறாள். ரஷ்ய மொழியில் இரண்டும் ஒரே அடியிற் பிறந்தவை. பின்னது மன்னியுங்கள் என்று பொருள்படும். அவள் தன்னை நேசிக்கிறாள், தன்னை விடுவிப்பதற்காகவே விலகுகிறாள் என்பதை நெஹ்லூதவ் அக்கணத்தில் உணர்கிறான். மன்னிப்புக் கேட்டவன் அவன். இப்பொழுது அச்சொல்லைச் சொல்பவள் அவள். அவன் வேண்டிய வடிவிலன்றித் தானே தேர்ந்த வடிவில் அவள் அதனைத் தருகிறாள். மேலிருந்து கீழிறங்கும் மன்னிப்பு இதுவன்று.

இங்கும் ஒரு நெருடல் உண்டு. ஈற்றிலும் இழப்பவள் அவளே. அவனுடைய விடுதலைக்காக அவளுடைய காதல் செலவாகிறது. ஆனால் முற்பட்ட வரைவில் தோல்ஸ்தோய் இருவருக்கும் மணம் முடித்துவைத்திருந்தார் என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். அதனைக் கைவிட்டமையால் அவளுக்குத் தன் வாழ்வைத் தானே தீர்மானிக்கும் உரிமையாவது கிடைத்தது.

இறுதி அதிகாரத்தில் மாஸ்லவா இல்லை. அதற்குச் சற்று முன்னர் ஆங்கிலேயப் பிரயாணியொருவர் சிறைக்கூடங்களிற் சுவிசேஷப் பிரதிகளை வழங்கிச் செல்கிறார், நெஹ்லூதவ் மொழிபெயர்க்கிறான். அடித்தவனுக்கு மறு கன்னத்தையும் காட்டவேண்டுமென அவர் போதிக்கிறார். அதிலும் அடித்தால் பிறகு எதைக் காட்டுவது எனக் கைதியொருவன் கேட்க, அடிபட்டுக் கிடந்தவன் உட்பட எல்லோரும் சிரிக்கின்றனர். இயலாததாகத் தோன்றுவது விசுவாசிகளுக்கு இயலும் என்று விடையளித்த அவர், அடுத்து அவர்கள் மது அருந்துவதுண்டா என வினவுகிறார். அன்றிரவு நெஹ்லூதவ் விரித்து வாசிப்பது அந்த ஆங்கிலேயர் கொடுத்த புதிய ஏற்பாட்டையே.