சிவப்பு எந்தச் சிவப்பு?

என் மேசையில் நிற்கும் மதராஸ் சிப்பாயின் உயரம் 28 மில்லிமீட்டர். கட்டைவிரலின் மேல்கணு அளவுதான். உலோக வார்ப்பு, கழுவி, உலர்த்தி, பிரைமர் அடித்து, தக்கையில் ஒட்டி வைத்திருக்கிறேன். பினாங்கின் ஈரக்காற்றில் ஸ்பிரே அடிப்பதற்கே நேரம் பார்க்க வேண்டும். மழை விட்ட கையோடு அடித்தால் வார்னிஷ் வெண்புகைபோல் பூத்துவிடும்; ஒரு வார உழைப்பு அதற்குள் மங்கிப்போகும். அவனுக்கு இப்போது சிவப்புச் சட்டை போட வேண்டும். எந்தச் சிவப்பு?

வரலாற்றுப் போர்ப்படைகளைச் சிற்றுருவங்களாக வாங்கி, வண்ணம் தீட்டி, மேசையில் அணிவகுத்து விளையாடும் கலையின் பெருமை இந்தக் கேள்வியில் இருக்கிறது. அதன் குறையும் இதற்குள்தான் இருக்கிறது. நான் பல ஆண்டுகளாகச் செய்துவரும் வேலை இது. அதனாலேயே இதை எடைபோட்டுப் பார்க்க விரும்புகிறேன்.

முதலில் சுருக்கமாக வரலாறு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரஷ்யாவின் ரைஸ்விட்ஸ் குடும்பத்துத் தந்தையும் மகனும் அதிகாரிகளைப் பயிற்றுவிக்க ஒரு போர் விளையாட்டை உருவாக்கினார்கள். அதில் நகர்ந்தவை வெறும் கட்டைகள். 1893இல் பிரிட்டன்ஸ் நிறுவனம் உள்ளீடற்ற ஈயப் பொம்மைகளை மலிவாக வார்க்கத் தொடங்கியபின் சிப்பாய்கள் நடுத்தர வீடுகளுக்குள் வந்தார்கள். 1913இல் எச்.ஜி. வெல்ஸ் அவற்றுக்கு விதிமுறை எழுதி நூலாக்கினார். மேசைமேல் விளையாடிப் பார்ப்பவனுக்கு உண்மைப் போரின் மடமை விளங்கும் என்பது அவர் நம்பிக்கை. மறு ஆண்டே உலகப் போர் வெடித்தது. ஈயம் வெள்ளை உலோகமாகி, பிளாஸ்டிக்காகி, இன்று முப்பரிமாண அச்சில் பிசினாகவும் வருகிறது. வண்ணம் தீட்டுவது மட்டும் இன்றும் கைவேலைதான்.

இந்தக் கைவேலையின் முதல் பலம், அது நம்மை ஆதாரம் தேட வைப்பது. நூலில் ‘செங்கோட்டுச் சிப்பாய்கள் முன்னேறினர்’ என்று படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடலாம். தூரிகையைப் பிடித்தவனால் அப்படிப் போக முடியாது. பிரிட்டிஷ் படையில் சாதாரண வீரனின் சட்டை மஞ்சிட்டி இனச் செடிவேரின் சாயம் ஏறியது. செங்கல் நிறம், வெயிலில் சீக்கிரம் வெளுக்கும். அதிகாரியின் சட்டையோ பூச்சியிலிருந்து எடுத்த விலையுயர்ந்த சாயத்தில் பளிச்சென்ற சிவப்பு. ஒரே படை, இரண்டு சிவப்பு. இரண்டுக்கும் ஒரே புட்டியைத் திறந்தால் அந்தப் படைக்குள் இருந்த மேல் கீழ் என்ற வேறுபாட்டை நாம் அழித்துவிடுகிறோம். நான் சிப்பாய்க்குச் சிவப்பில் கொஞ்சம் காவி கலப்பேன். தோளிலும் முதுகிலும் இன்னும் ஒரு துளி மணல் நிறம். வெயில் விழும் இடம் அது.

அடுத்து தலைப்பாகை. விரைவாகத் தீட்டுபவருக்கு மூன்று நிமிட வேலை. ஆனால் 1805 நவம்பரில் மதராஸ் படைத் தலைமை புதிய தலைப்பாகைக்கு ஆணையிட்டது. அது தொப்பியைப் போன்றிருந்தது. அதில் தோல் செருகப்பட்டிருந்தது. நெற்றிக் குறியும் காதணியும் கூடாது, தாடியை மழிக்க வேண்டும் என்ற கட்டளைகளும் சேர்ந்துகொண்டன. 1806 ஜூலை 10 விடியுமுன் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். அடக்கப்பட்டபோது நூற்றுக்கணக்கான உயிர்கள் போயிருந்தன. இதைப் பாடநூலில் படித்திருக்கிறேன். ஆனால் அந்தத் தலைப்பாகையின் மடிப்புகளை ஒவ்வொன்றாக நிழலிட்டுக்கொண்டிருந்த இரவில்தான், ஒரு மனிதன் தன் தலைமேல் இருப்பதற்காக ஏன் சாவான் என்பது எனக்கு உறைத்தது. கை மெதுவாக வேலை செய்யும்போது மனம் தங்கி நின்று பார்க்கிறது. இந்தக் கலையின் இரண்டாவது பலம் அது.

மூன்றாவது பலம், ஊரை அறிய வைப்பது. ஜார்ஜ் டவுனில் சிப்பாய் லைன்ஸ் சாலையைக் கடந்து தினமும் எத்தனையோ பேர் போகிறோம். அங்கே இருந்த சிப்பாய்கள் யார், எந்தப் படைப்பிரிவு, எந்த ஆண்டு என்று என்னைக் கேட்க வைத்தது ஒரு காலர்ப் பட்டியின் நிறம். கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பிரான்சிஸ் லைட் 1786இல் இந்தத் தீவில் இறங்கியபோது அவரோடு வந்த படை கல்கத்தாவிலிருந்து கிளம்பியது. மதராஸ் காலாட்படை நீரிணைக் குடியேற்றங்களின் காவலுக்கு வந்தது பின்னால். 1831–32 நானிங் போரில் மலாக்காவின் உட்புறக் காடுகளுக்குள் போனவர்கள் மதராஸ் சிப்பாய்கள். எல்லாரையும் ‘இந்தியச் சிப்பாய்’ என்று ஒரே பெட்டியில் போட்டிருந்த என் அறியாமையைத் திருத்தியது தூரிகைதான்.

இனிக் குறைகள். முதல் குறை, விற்பனைப் பட்டியலே வரலாறாகிவிடுவது. சீருடை இருந்த படைக்கு ஆணை உண்டு, ஓவியம் உண்டு. எனவே பொம்மை உண்டு. சீருடை இல்லாத படைக்கு எதுவும் இல்லை. 1791 ஏப்ரல் 12 விடியலில், கெடா சுல்தான் தீவை மீட்கப் படை திரட்டியிருந்த பிறைக் கோட்டையை லைட்டின் ஆட்கள் தாக்கிப் பிடித்தார்கள். கம்பெனித் தரப்பில் சுமார் 400 பேர். ஒரு பொம்மைக்கு இருபது ஆள் என்று கணக்கிட்டால் இருபது பொம்மை போதும். ஒரு மாதத்தில் தீட்டிவிடலாம். எதிரில் நிற்கும் சுல்தானின் வீரர்களுக்கு எங்கே போவது? கையில் கிடைப்பது ‘கடற்கொள்ளையர்’ என்று பெயரிட்ட பெட்டி. அதை வாங்கித் தீட்டினால், தன் நிலத்தைத் திரும்பக் கேட்ட ஓர் அரசனின் படை நம் மேசையில் கொள்ளைக் கூட்டமாகிவிடுகிறது. லைட்டின் தரப்பு வழங்கிய பெயரை நாமே வண்ணம் பூசி நிலைநிறுத்துகிறோம். பழங்காலப் போர்களுக்கான புகழ்பெற்ற விதிநூல் வரிசை ஒன்றில் தமிழர் படையும் சிங்களர் படையும் ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட காலத்துக்கு ஒரே பட்டியலில் அடங்கிவிடுகின்றன. சேரனும் பாண்டியனும் சோழனும் அனுராதபுரமும் அதில் ஒரு தலைப்பு.

இரண்டாவது குறை தோலில். ஐரோப்பிய முகத்துக்கு அடிநிறம், நிழல், மேடு என்று மூன்று நான்கு நிலையில் பாடம் சொல்லும் வழிகாட்டிகள், நம் முகத்துக்கு ஒரு பழுப்பும் அதன்மேல் ஒரு வாஷும் போதும் என்று முடித்துவிடுகின்றன. நானும் முதல் படையை அப்படித்தான் தீட்டினேன். இருபது பேரும் ஒரே அச்சில் ஊற்றிய ஒரே மனிதனாக நின்றார்கள். பிறகு மார்க்கெட் ஸ்திரீட்டில் காய்கறி வாங்க நின்றபோது சுற்றியிருந்தவர்களைப் பார்த்தேன். புளியங்கொட்டை நிறம், மாநிறம், வெயிலில் சிவந்த கறுப்பு. ஒருவருடையது போல் இன்னொருவருடையது இல்லை. அடுத்த படைக்கு மூன்று கலவை வைத்துக்கொண்டேன். கன்ன எலும்பிலும் மூக்கு நுனியிலும் காவிச் சிவப்பு தொட்டதும் அந்த முகங்கள் ஆள் ஆளாகப் பிரிந்தன.

மூன்றாவது குறைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. மேசைப் படையில் போரிடுபவன் மட்டுமே இருக்கிறான். நம் வீட்டுக் கொலுவை எண்ணிப் பாருங்கள். மேல்படியில் தெய்வங்கள், கீழே செட்டியாரும் அவர் மனைவியும் அரிசி பருப்புக் கடை விரித்து உட்கார்ந்திருப்பார்கள். உலகத்தை அடுக்கிக் காட்ட வேண்டுமானால் பலசரக்குக் கடையும் வேண்டும் என்று நம் பாட்டிமாருக்குத் தெரிந்திருந்தது. கம்பெனிக் காலத்தில் தஞ்சாவூர் ஓவியர்கள் சிப்பாயை வரைந்தபோது பக்கத்தில் அவன் மனைவியையும் வரைந்தார்கள். பொம்மை வார்ப்பவர்கள் பெரும்பாலும் சிப்பாயை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

இது அழகு சார்ந்த குறை மட்டும் அன்று, போரையே தவறாகப் புரிய வைக்கும் குறை. நம் எஸ்பிளனேடு ஓரத்துக் கோட்டைக்குத் தன் பெயரைத் தந்த கார்ன்வாலிஸ், பிறைச் சண்டைக்கு அடுத்த மாதம், 1791 மே மாதத்தில், ஸ்ரீரங்கப்பட்டணத்து வாசல்வரை போய்த் திப்புவின் படையைப் பின்தள்ளினார். இருந்தும் கோட்டையை முற்றுகையிட முடியாமல், பெரும் பீரங்கிகளை அழித்துவிட்டுத் திரும்பினார். காரணம், மாடுகள் செத்தன, தானியம் தீர்ந்தது. அடுத்த ஆண்டு அவரால் வெல்ல முடிந்ததில் பொதிமாடுகளில் தானியம் கொண்டுவந்த லம்பாடி வணிகர்களுக்குப் பெரும் பங்குண்டு. மாடு இல்லாத மேசையில் இந்தப் போரை விளையாடினால், நடந்ததற்கு நேர் எதிரான பாடத்தைக் கற்போம். அந்த மேசையில் பசியும் பேதியும் கிடையாது. விழுந்த பொம்மை அடுத்த சனிக்கிழமை எழுந்து நிற்கும்.

போரைப் பொம்மையாக்குவதே தவறு என்று ஒதுக்குபவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஜப்பானியர் 1941 டிசம்பரில் இந்த நகரத்தின்மேல் போட்ட குண்டுகளை நினைவில் வைத்திருந்த ஒரு தலைமுறையின் பிள்ளைகள் நாம். ஆனாலும் ஒதுக்கிவிட்டால் மிஞ்சுவது அறியாமைதான் என்று நான் நினைக்கிறேன். ஒரு வீரனின் கைமுனைப் பட்டியில் அரைமணி நேரம் செலவிட்டவன் ‘400 பேர்’ என்ற எண்ணை வெறும் எண்ணாகக் கடந்துபோக மாட்டான். கலை அப்படியே இருக்கட்டும்; அதன் பழக்கங்கள் மாற வேண்டும்.

மாற்றம் கடினமானது அன்று. இரண்டு பழக்கங்களை நான் கைக்கொண்டிருக்கிறேன். பத்துப் போர்வீரருக்கு ஒரு பொதிமாடோ தண்ணீர் சுமப்பவரோ சமைக்கும் பெண்ணோ தீட்டாமல் படை முடிந்ததாகக் கொள்வதில்லை. ஒவ்வொரு பொம்மையின் அடித்தட்டிலும் பென்சிலால் ஒரு சொல் எழுதுகிறேன்: ‘ஆதாரம்’ அல்லது ‘ஊகம்’. விளையாட வருபவர் எடுத்துத் திருப்பிப் பார்த்தால், எவ்வளவு தெரியும், எவ்வளவு நம் கற்பனை என்பது அவருக்கும் தெரியும். முப்பரிமாண அச்சு வந்தபின் பட்டியலில் இல்லாதவர்களையும் வடிவமைத்து எடுக்கலாம், ஊகமும் பெருகும். அதனாலேயே இந்தப் பென்சில் சொல் இப்போது அதிகம் தேவைப்படுகிறது.

இந்தத் தீவுக்கு இன்னொரு படையும் வந்தது. 1801 அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டபின், 1802 பிப்ரவரியில், பாளையக்காரர் போரில் பிடிபட்ட 73 பேரைத் தூத்துக்குடியில் கப்பலேற்றிப் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள். சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் அவர்களில் ஒருவர். அந்தப் போரில் கம்பெனி அதிகாரியாக இருந்த ஜேம்ஸ் வெல்ஷ், தனக்கு வேல் எறியவும் வளரி என்னும் வளைதடி வீசவும் கற்றுத் தந்தவர் சின்ன மருது என்று 1830இல் வெளிவந்த தன் நினைவு நூலில் எழுதினார். 1818இல் பினாங்கில் துரைசாமியை நேரில் கண்டதையும், அவர் உருக்குலைந்து போயிருந்ததையும் பதிவு செய்தார்.

அந்த 73 பேருக்குச் சீருடை கிடையாது. பெட்டியும் கிடையாது. வேறொரு பொம்மையின் கையை வெட்டி, மெல்லிய கம்பியை வளைத்து வளரி செய்து ஒட்டியிருக்கிறேன். வேட்டிக்கு வெள்ளை அடிக்கவில்லை; பல நாள் கப்பலில் கிடந்த துணி அது, சாம்பலும் மஞ்சளும் கலந்தேன். முகத்துக்கு மட்டும் மூன்று நாள் ஆனது. அடித்தட்டைத் திருப்பி ‘ஊகம்’ என்று எழுதியபின், சிவப்புச் சட்டைக்காரனுக்குப் பக்கத்தில் அவரை நிறுத்தினேன். இன்னும் 72 பேர் இருக்கிறார்கள்.