ஆலிஸ் மில்லர்: பிரதிக்கு வெளியே ஒரு மகன்

குழந்தைப் பருவம் என்றாலே நம் எழுத்தாளர்கள் பலர் உருகிவிடுகிறார்கள். தாய்மடி, நிலாச்சோறு என்று ஒரு புனிதக் கதையாடல். அந்தப் புனிதத்தின்மீது கல்லெறிந்தவர் ஆலிஸ் மில்லர் (1923–2010). போலந்தில் யூதக் குடும்பத்தில் பிறந்து, ஸ்விட்சர்லாந்தில் உளப்பகுப்பாய்வாளராக இருந்தவர்.

1979இல் ஜெர்மனில் வந்த 'திறமையுள்ள குழந்தையின் நாடகம்' நூலில் 'திறமை' என்று அவர் குறிப்பது படிப்பையோ பாட்டையோ அல்ல. அம்மாவுக்கு என்ன வேண்டும், அப்பாவின் முகம் ஏன் மாறுகிறது என்று மோப்பம் பிடிக்கிற திறமை. அழுகையையும் கோபத்தையும் காட்டினால் அன்பு போய்விடும் என்று தெரிந்துகொண்ட குழந்தை, முதலில் காட்டாமலிருக்கப் பழகுகிறது. பிறகு உணராமலிருக்கவே பழகிவிடுகிறது. 'தங்கமான புள்ள, ஒரு தொந்தரவு கிடையாது' என்று ஊர் மெச்சும். வளர்ந்த பிறகு? மெச்சும்வரை மிதப்பு, மெச்சுவது நின்றால் மனச்சோர்வு. ஒன்றின் முதுகுப்புறம்தான் மற்றது என்கிறார் மில்லர். எல்லோர் சுமையையும் தூக்கித் திரிந்து, ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போகிற தோழர்களை இந்தப் பக்கங்களில் நான் அடையாளம் கண்டேன்.

1980இல் வந்த அடுத்த நூல், 'உன் நன்மைக்குத்தான்' என்று அடியை நியாயப்படுத்திய ஜெர்மானிய வளர்ப்பு முறையைக் கட்டுடைத்து, ஹிட்லரின் குழந்தைப் பருவம்வரை போகிறது. அடிவாங்கிய எல்லாரும் ஹிட்லரா ஆயிட்டாங்க? இதற்கு மில்லர் தரும் விடைதான் 'உதவும் சாட்சி'. 'உன்மேல் தப்பில்லை' என்று உணர்த்துகிற ஒரே ஒரு ஆள் – பாட்டியோ, வாத்தியாரோ, பக்கத்து வீட்டு அக்காவோ – இருந்தால், குழந்தை தன் வலியை வலியாக அறியும். அதை இன்னொருவர்மேல் ஏவ வேண்டிய அவசியம் குறையும்.

2013இல் அவருடைய மகன் மார்ட்டின் மில்லர் ஒரு புத்தகம் எழுதினார். அவரும் உளசிகிச்சையாளர்தான். அப்பா அடித்தார், அம்மா தடுக்கவில்லை என்கிறார். உதவும் சாட்சி என்ற கருத்தைத் தந்தவர், தன் வீட்டில் மௌன சாட்சி.

ஊருக்கு உபதேசம் என்று சிரித்து ஒதுக்குவது சுலபம். ஆனால் எழுதியவரின் வாழ்க்கையால் பிரதி பொய்யாகிவிடாது. சொல்லப்போனால், அதற்கு வலுவான சான்றே இந்த மகன்தான். என் பிரச்சினை வேறு. நாஜி ஆக்கிரமிப்பின்போது வார்ஸாவில் போலி அடையாளத்தோடு பிழைத்திருந்தவர் மில்லர். பயம் முகத்தில் தெரிந்தால் சாவு. அவரது நூல்களில் இதைப்பற்றி ஏறக்குறைய மௌனம்தான். வீட்டிலிருந்து அரசு பிறப்பதை விளக்கியவர், அரசு வீட்டுக்குள் நுழைவதை விளக்கவில்லை. ஆகவே, அவர் பிரதியில் குற்றவாளிக் கூண்டில் பெற்றோர் மட்டுமே நிற்கிறார்கள்.

ருமேனியாவைப் பாருங்கள். 1966இல் சௌஷெஸ்கு அரசு கருக்கலைப்பைத் தடைசெய்தது. 1989இல் அது வீழ்ந்தபோது லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அரசு விடுதிகளில் கிடந்தார்கள், பெயர்சொல்லித் தூக்க ஆளில்லாமல். அவர்களில் பிரிட்டனில் தத்தெடுக்கப்பட்ட சிலரை ஆய்வாளர்கள் வளர்ந்த பிறகும் தொடர்ந்தார்கள். விடுதியில் ஆறு மாதத்துக்குமேல் இருந்தவர்களில் பலருக்குக் கவனம், உறவு சார்ந்த சிக்கல்கள் நீடித்தன. ஐந்தில் ஒருவருக்கு அப்படி எதுவுமில்லை என்று 2017இல் வெளியான முடிவுகள் காட்டின. ஆக, இது தலையெழுத்தும் அல்ல. தாயின் குறை மட்டுமும் அல்ல. சாட்சியாக இருக்க யாருக்கு நேரமும் பாதுகாப்பும் கிடைக்கிறது என்பது அரசியல் கேள்வி.

ஆனால் வரலாற்றைச் சொல்லிவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடாது. விளக்கம் வேறு, மன்னிப்பு வேறு. பெற்றோரை மன்னித்தே ஆகவேண்டும் என்கிற சிகிச்சையை எதிர்த்தவர் மில்லர். மன்னிக்காமலிருக்கும் அந்த உரிமை அவர் மகனுக்கும் உண்டு.