துப்பறியும் பூனைகள்

இங்கிலீஷில் ஒரு ரக நாவல் இருக்கிறது. சிறிய ஊர். எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். ஒரு தபாலாபீஸ், ஒரு மாதா கோவில், ஒரு ரொட்டிக் கடை, ஒரு பழைய புத்தகக் கடை. அந்த ஊரில் ஒரு கொலை விழுகிறது. போலீஸ்காரர் திகைத்துப்போய் நிற்கிறார். கதாநாயகரோ கதாநாயகியோ வளர்க்கிற பூனை எதையோ முகர்ந்து பார்க்கிறது, எதையோ காலால் தட்டி விடுகிறது, குற்றவாளி அகப்பட்டுக்கொள்கிறான். கடைசி அத்தியாயத்தில் ஊரே கூடி விருந்து சாப்பிடுகிறது. பூனைக்குத் தனித் தட்டு.

இலக்கியம் தெரிந்தவர்கள் இவற்றைப் படிப்பதில்லை. படித்தாலும் வெளியே சொல்லிக்கொள்வதில்லை. நான் படிக்கிறேன், சொல்லிக்கொள்ளவும் தயார். அல்லிக்குளத்துப் பழைய புத்தகக் கடைகளில் அட்டை கிழிந்த பிரதிகளாக ஏழெட்டு வாங்கினேன். சென்ட்ரலில் ரயில் ஏறினால் மீஞ்சூரில் இறங்குவதற்குள் நாலு அத்தியாயம் ஓடிவிடும். பொழுதுபோக்கு நூல் என்று ஒதுக்குவது சுலபம். ஆனால் ஒரு நூல் பொழுதை எப்படிப் போக்குகிறது, போக்கிய பிறகு கையில் எதை விட்டுப்போகிறது என்று கேட்பதும் விமர்சனம்தான். அதைத்தான் இங்கே கேட்க விரும்புகிறேன்.

இந்த ரகத்துக்கு இன்றுள்ள உருவத்தைக் கொடுத்தவர் லிலியன் ஜாக்ஸன் பிரௌன் என்ற அமெரிக்கப் பெண்மணி. 1913-ல் பிறந்து, 2011-ல் தொண்ணூற்றேழாவது வயதில் காலமானார். டெட்ராய்ட் நகரத்துத் தினசரி ஒன்றில் வெகுகாலம் வேலை பார்த்தவர். வீட்டு அலங்காரம், மேஜை நாற்காலி, கலைப் பொருள்கள் பற்றி எழுதுவது அவர் இலாகா. அவரிடம் கோகோ என்று ஒரு சயாமியப் பூனை இருந்தது. பத்தாவது மாடியிலிருந்து அது ஒரு நாள் கீழே விழுந்து செத்தது. யாரோ தள்ளிவிட்டார்கள் என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். பூனை செத்ததற்கு எந்தப் போலீஸ் ஸ்டேஷனில் வழக்குப் பதிவு செய்வார்கள்? அந்த அம்மாள் ஒரு கதை எழுதினார். தன் குட்டியைக் கொன்ற அண்டை வீட்டுக்காரனைத் தாய்ப் பூனை பழிவாங்குகிற கதை. 1962-ல் அது 'எல்லரி குவீன்' மர்மக் கதைப் பத்திரிகையில் வெளிவந்தது.

1966-ல் முதல் நாவல். தலைப்பைத் தமிழில் சொன்னால் 'பின்னாலிருந்து படிக்கத் தெரிந்த பூனை' என்று வரும். செத்துப்போன பூனையின் பெயரையே கதைப் பூனைக்கும் வைத்தார். 1967-ல் ஒன்று, 1968-ல் ஒன்று. பிறகு பதினெட்டு வருஷம் மௌனம். மர்மக் கதை என்றால் ரத்தமும் படுக்கையறையும் வேண்டும் என்று பதிப்பாளர்கள் நினைத்த காலம் அது. இந்த அம்மாளிடம் அந்தச் சரக்கு கிடையாது. 1986-ல் நாலாவது நாவல் வந்தது. அதிலிருந்து ஏறக்குறைய வருஷத்துக்கு ஒன்று. 2007-க்குள் மொத்தம் இருபத்தொன்பது.

முதல் நாவலில் க்வில்லரன் என்ற பத்திரிகை நிருபர் வருகிறார். பெரிய மீசைக்காரர்; குடியை விட்டவர்; வாழ்க்கையில் ஒரு தடவை விழுந்து எழுந்தவர். ஊரெல்லாம் வெறுக்கிற ஒரு கலை விமர்சகர் கொலையுண்டு போகிறார். (விமர்சகர்களைக் கொல்லும் ஆசை எல்லா நாட்டு எழுத்தாளர்களுக்கும் உண்டுபோலும்.) அவர் வளர்த்த பூனை நிருபரிடம் வந்து சேருகிறது. அந்தப் பூனை என்ன செய்கிறது என்று உற்றுப் பார்த்தால் ஒன்றுமே செய்வதில்லை. பூனைகள் செய்வதைத்தான் அதுவும் செய்கிறது. பத்திரிகையின் மேல் மூக்கை வைத்துத் தேய்க்கிறது. அலமாரிப் புத்தகத்தைத் தள்ளிவிடுகிறது. மூடிய கதவின் முன் நின்று கத்துகிறது. அதற்குப் பொருள் கற்பிப்பவர் க்வில்லரன். பூனைக்கு உண்மையிலேயே தெரியுமா, அல்லது மனிதன் தன் மனசில் இருந்ததைப் பூனையின் மேல் ஏற்றிச் சொல்கிறானா என்று ஆசிரியர் முடிவு கட்டுவதே இல்லை. அந்த அடக்கம்தான் அவருடைய கலை என்று நான் மதிக்கிறேன்.

இதைப் படித்தபோது எனக்கு நினைவு வந்தது நம்முடைய துப்பறியும் சாம்புதான். தேவன் 1942-ல் ஆனந்த விகடனில் ஆரம்பித்த கதைகள். சாம்பு பாங்கி குமாஸ்தா. நாற்பது வயதைத் தொட்டவர். புத்திசாலி என்று யாரும் சந்தேகப்படமுடியாத முகம். அவர் எங்கோ தடுக்கி விழுவார், எதையோ உளறுவார். அந்த விழுகையிலும் உளறலிலும் திருடன் அகப்படுவான். இன்ஸ்பெக்டர் கோபாலன் அதில் மகா மேதாவிலாசத்தைக் கண்டு பிரமித்து நிற்பார். கோகோவும் சாம்புவும் ஒரே ஜாதி. இருவரும் தாம் துப்பறிவதாக உரிமை கொண்டாடுவதில்லை. பக்கத்தில் ஒரு கோபாலனோ ஒரு க்வில்லரனோ இருந்து அந்தப் பட்டத்தைக் கட்டிவிட வேண்டியிருக்கிறது. தேவன் பிறந்ததும் அதே 1913-தான். ஆனால் அவர் 1957-லேயே போய்விட்டார், கோகோ பிறப்பதற்கு முன்பே. யாரும் யாரையும் பார்த்து எழுதவில்லை. மேதாவிகளின் தொல்லை தாங்காத வாசகன் எந்தத் தேசத்திலும் இப்படி ஒரு துப்பறிபவனைக் கேட்டு வாங்கிக்கொள்கிறான் என்றுதான் தோன்றுகிறது.

பின்னால் வந்தவர்கள் அந்த அடக்கத்தைக் கைவிட்டார்கள். ரீட்டா மே பிரௌன் என்பவர் 1990-லிருந்து எழுதிவரும் நாவல்களில் பூனையும் நாயும் தங்களுக்குள் பேசிக்கொள்கின்றன. மனிதர்களுக்கு அது விளங்குவதில்லை. தம் பூனையின் பெயரையும் கூட்டாசிரியராக அட்டையில் போட்டுக்கொண்டார். வேடிக்கைதான். ஆனால் பேச ஆரம்பித்தவுடன் பூனை பூனையாக இல்லை. ரோமம் முளைத்த மனுஷியாகிவிடுகிறது. பூனையைப் பேச வைப்பதென்றால் சாகி மாதிரிப் பேச வைக்க வேண்டும். 1911-ல் வெளிவந்த அவருடைய தொகுப்பில் டோபர்மரி என்ற பூனை பேசக் கற்றுக்கொள்கிறது. ஒரு பெரிய வீட்டின் தேநீர் விருந்தில், யார் யாரைப்பற்றி என்ன சொன்னார்கள், யார் யார் அறைக்குப் போனார்கள் என்று சாவதானமாகச் சொல்ல ஆரம்பிக்கிறது. அடுத்த நிமிஷமே விருந்தாளிகள் அனைவரும் ஒருமனப்பட்டு அதற்கு விஷம் வைக்கத் தீர்மானிக்கிறார்கள். நாற்பது நாவல் சொல்லாததை அந்தச் சின்னக் கதை சொல்லிவிடுகிறது. எல்லா வீட்டுக்குள்ளும் நுழைகிற பிராணி வாயைத் திறந்தால் ஊர் அதை விட்டுவைக்காது.

மறுபடியும் லிலியன் அம்மாளிடம் வருகிறேன். அவர் பேரில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. நகரத்திலிருந்த க்வில்லரனை அவர் வடக்கே ஒரு சின்ன ஊருக்கு அனுப்பினார். பெரும் சொத்து ஒன்று வந்து அவர் மடியில் விழுந்தது. அன்றோடு கதையிலிருந்து கஷ்டம் என்பது போயிற்று. ஊரில் நாடகம் நடக்கிறது, புது ஹோட்டல் திறக்கிறார்கள், பூனைகள் நண்டு சாப்பிடுகின்றன. நடு நடுவே யாராவது சாகிறார். செத்தவருக்காக ஒரு பக்கம்கூட யாரும் அழுவதில்லை. அடுத்த பக்கத்தில் இரவுச் சாப்பாடு என்ன என்ற விசாரம். இருபது வருஷத்தில் அந்தச் சின்ன ஊரில் விழுந்த கொலைகளுக்குக் கணக்குப் பார்த்தால் ஊரே காலியாகியிருக்க வேண்டும். யாரும் வீட்டை விற்றுவிட்டு ஓடவில்லை.

படிக்கிறவருக்கு அது சுகமாக இருக்கிறது, உண்மை. உடம்பு சரியில்லாத நாளில் படுத்துக்கொண்டு படிக்க அதைவிட நல்ல துணை கிடையாது. சுகத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இந்த ரகம் பிறந்தது எதிலிருந்து? 'விழுந்துவிட்டது, என்ன செய்ய' என்று எல்லாரும் சொல்லி முடித்துவிட்ட ஒரு சாவை முடிக்க மாட்டேன் என்று ஒருத்தி பிடிவாதம் பிடித்ததிலிருந்து. ஒரு பூனையின் சாவுக்கு அத்தனை மதிப்பு. இருபதாவது நாவலில் ஒரு மனிதனின் சாவுக்கு அந்த மதிப்பில் கால்வாசி இல்லை. ஆகவே முதல் மூன்று நாவல்களை மேலே வைக்கிறேன்; பின்னால் வந்தவற்றை ஜுரத்துக்கு வைத்துக்கொள்கிறேன்.

தமிழில் இந்த ரகம் வேரூன்றவில்லை. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி அய்யங்கார் காலத்திலிருந்து துப்பறியும் நாவலுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. பூனைக்குத்தான் நம்மிடம் நல்ல பெயர் இல்லை. மாமல்லபுரத்துப் பாறைச் சிற்பத்தில் ஒரு பூனை முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு தவம் செய்கிறது, காலடியில் எலிகள். போலிச் சாமியாருக்கு ஆயிரத்து முந்நூறு வருஷமாக அதுவே அடையாளம். கம்பர் தம்மைத் தாழ்த்திக்கொள்ள வேண்டியபோது, பாற்கடலை நக்கிக் குடிக்கப் போன பூனையைத் தேடி எடுத்தார். குட்டியை வாயில் கவ்விச் செல்லும் தாய்ப் பூனையைப் பகவானுக்கு உவமை சொன்ன தென்கலை வைஷ்ணவர்கள் மட்டும் அதற்குக் கொஞ்சம் கௌரவம் கொடுத்தார்கள். மற்றபடி நம் பூனை குற்றவாளிக் கூண்டிலேதான் நிற்கிறது.

அப்படி நின்ற ஒரு பூனையின் கதை எல்லாருக்கும் தெரியும். நாலு பஞ்சு வியாபாரிகள் கூட்டாக ஒரு பூனை வளர்த்தார்கள். ஆளுக்கு ஒரு கால். ஒரு காலில் அடிபட்டது, அந்தக் காலுக்குரியவன் எண்ணெய்த் துணி கட்டினான், துணியில் தீப்பிடித்தது, பூனை பஞ்சு மூட்டைக்குள் ஓடியது. மூன்று பேர் நாலாமவன்மேல் வழக்குப் போட்டார்கள். அடிபட்ட கால் ஓடாது, ஓடியவை மற்ற மூன்று கால்கள்தாம், ஆகவே நஷ்டத்தை நீங்கள் மூவரும் கொடுங்கள் என்றான் மரியாதை ராமன். துப்பறியும் கதைக்கு வேண்டிய சகலமும் இதில் இருக்கிறது. கூட்டாளிகளில் ஏழையாக இருப்பவன்மேல் பழி போவது எப்படி என்பதும் இருக்கிறது. அந்த மூன்று பேர் அந்த வழக்கைக் கொண்டுவந்த முகவெட்டை நான் இன்றைக்கும் பல கூட்டங்களில் பார்க்கிறேன்.

ஆகையால் தமிழில் எழுதினால் என்ன ஆகும் என்று யோசித்ததுண்டு. எனக்குத் தெரிந்த சின்ன ஊர் மீஞ்சூர். அதற்கு வடக்கே பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்கள். மீஞ்சூரில் முதலில் நினைத்துப் பார்த்தேன். வட காஞ்சி என்று பெயர். ஏகாம்பரநாதரும் வரதராஜப் பெருமாளும் இருக்கிறார்கள். ரயிலடி, கடைத்தெரு எல்லாம் உண்டு. ஆனால் பாதி ஜனம் காலை வண்டியில் பட்டணத்துக்கு வேலைக்குப் போய்விடுகிறது. பகலில் பூனை யாரை வேவு பார்ப்பது?

குப்பங்களில் விஷயம் வேறு. ஏரியில் யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை போடலாம் என்பதைப் 'பாடு' என்ற பழைய முறைப்படி ஊரே தீர்மானித்துக்கொள்கிற இடங்கள் அவை. அந்தப் பாட்டில் உரிமை உள்ளவன் உண்டு, இல்லாதவன் உண்டு. இறால் விலை ஏறின நாளிலிருந்து அதில் தகராறும் உண்டு. அங்கே ரகசியம் தங்காது. நள்ளிரவில் ஒருவன் வலையை இன்னொருவன் அறுத்தால் விடிவதற்குள் பெண்களுக்குத் தெரியும். தெரிவது ஒன்று, ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்வது வேறு. வெள்ளைக்காரன் நாவலில் கேள்வி, கொன்றது யார் என்பது. இங்கே கேள்வி, அதை வாய்விட்டுச் சொல்வது யார் என்பது. பூனைக்கு மணி கட்டுவது என்று நாம் சொல்கிறோமே, அந்தக் கேள்வி.

தண்ணீரில் பிழைக்கிற ஊரில் ஒரு சாவை மூடிவைக்கப் பெரிய சூழ்ச்சி ஒன்றும் வேண்டாம். 'தண்ணி கொண்டுபோயிட்டுது' என்றால் முடிந்தது. டெட்ராய்ட் மாடியில் 'விழுந்துவிட்டது' என்ற சொல் செய்த வேலையை இந்தச் சொல் இங்கே செய்யும். அங்கேதான் நாவலை ஆரம்பிக்க வேண்டும்.

பூனை? குப்பத்துப் பூனை யாருடையதும் அல்ல. அதற்குப் பெயர் கிடையாது, தட்டு கிடையாது. மடவையும் கெளுத்தியும் கரையேறுகிற நேரத்துக்கு வரும், வலையிலிருந்து உதறி விழுகிற பொடி மீனைத் தின்னும், ஏச்சு வாங்கும். ஜப்பானில் அககாவா ஜிரோ 1978-ல் ஹோம்ஸ் என்றே ஒரு முக்கலர்ப் பெண் பூனைக்குப் பெயர் வைத்து, ரத்தத்தைக் கண்டால் மயங்குகிற ஒரு போலீஸ்காரனுக்குத் துணையாக அனுப்பினார். ஜப்பானில் அமோகமாக விற்றது. நமக்கு அந்த ஹோம்ஸ் வேண்டாம். ஒருவனிடம் தினமும் பொடி மீன் தின்று பழகின பூனை போதும். அவனைத் தண்ணீர் கொண்டுபோன பிறகு அது இரண்டு நாள் அவன் படகடியில் உட்கார்ந்திருக்கிறது. மூன்றாம் நாள் வேறொருவன் வீட்டுத் திண்ணையோரம் போய் உட்காருகிறது. அங்கே சுருட்டி வைத்திருக்கிற வலையில் பழைய வாடை இருக்கிறது. மீன் கூடையோடு அந்த வழியே போகிற பெண்கள் எல்லாரும் அதைப் பார்க்கிறார்கள். பார்த்துக்கொண்டே போகிறார்கள். திண்ணைக்காரன் கல்லெடுத்து விரட்டுகிறான். மறுநாள் மீன் வருகிற நேரத்துக்கு அது திரும்பவும் அங்கேயே வந்து உட்காருகிறது.