காப்புக்காட்டிலிருந்து எத்தனை கிலோமீட்டர்?

காட்டுப்பன்றிகளைச் சுடுவது பற்றி 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த நடைமுறையை நடுநிலையான தீர்வு என்று பாராட்டுவோர் இன்னும் இருக்கிறார்கள். காப்புக்காட்டின் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை பன்றியைத் தொடக்கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்றைத் தாண்டினால் பயிற்சி பெற்ற வனத்துறைப் பணியாளர்கள் சுடலாம். விவசாயிக்கும் நியாயம், விலங்குக்கும் நியாயம் என்பது ஆதரவாளர்களின் வாதம். வரைபடத்தை விரித்து வைத்துப் பேசும்போது இது பொருத்தமாகவே படும். பெரம்பலூர் மாவட்டம் வேப்பந்தட்டை வட்டத்தின் மக்காச்சோளக் கொல்லைகளில் இந்த வாதம் செல்லாது.

நடைமுறையின் நல்ல பக்கங்களை முதலில் சொல்லிவிடலாம். பீகாரும் உத்தராகண்டும் 2015, 2016 ஆண்டுகளில் மத்திய அரசிடம் அறிவிக்கை பெற்று, காட்டுப்பன்றியைத் தீங்கு விளைவிக்கும் விலங்குகளின் பட்டியலில் சேர்த்தன. குறிப்பிட்ட பகுதியில், குறிப்பிட்ட காலத்துக்கு, யார் கொன்றாலும் குற்றமில்லை என்று ஆக்கும் வழி அது. தமிழகம் அந்த வழியில் போகவில்லை. அது சரியான முடிவு. காட்டுப்பன்றி இந்த மண்ணின் விலங்கு, சிறுத்தைக்கும் செந்நாய்க்கும் இரை. காட்டை ஒட்டிய இடத்தில் அதற்குப் பாதுகாப்பு வேண்டும் என்பதிலும், துப்பாக்கி பயிற்சி உள்ளவர் கையில் இருக்க வேண்டும் என்பதிலும் மறுப்பில்லை.

குறை, தூரத்தை அளவுகோலாக வைத்ததில் இருக்கிறது. காப்புக்காட்டின் எல்லைக்கல்லிலிருந்து பயிர் எத்தனை கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது என்பதை வைத்து விவசாயியின் உரிமையைத் தீர்மானிக்கும் விதி, பன்றி காட்டில் குடியிருந்து இரவில் வயலுக்கு வந்து போகிறது என்று நம்புகிறது. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் பன்றிக்கு அப்படிப்பட்ட கட்டாயம் எதுவும் இல்லை. தூர்ந்துபோன ஏரிகளிலும் ஓடைக்கரைகளிலும் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலம் அதற்குப் பகல் முழுக்க மறைவிடம். எறையூர்ச் சர்க்கரை ஆலையை நம்பி வைத்த கரும்புத் தோட்டம் மாதக்கணக்கில் நிழலும் தீனியும் தருகிறது. அரியலூர்ப் பக்கம் போனால் முந்திரிக் காடுகளும், சுண்ணாம்புக்கல் வெட்டியெடுத்தபின் புதர் மூடிப்போன பள்ளங்களும் இருக்கின்றன. அங்கேயே ஈன்று, அங்கேயே வளரும் கூட்டத்துக்குக் காப்புக்காட்டின் எல்லை எந்தத் திசையில் இருந்தால் என்ன?

கொல்லையில் பன்றி செய்யும் வேலையைக் கிட்டே போய்ப் பார்த்தால் இழப்பு புரியும். மக்காச்சோளக் கதிர் பால் பிடிக்கும் பருவத்தில் அது இறங்குகிறது. தட்டையை மார்பால் சாய்த்து, கதிரை ஒரு கடி கடித்து, பாதியை அப்படியே விட்டுவிட்டு அடுத்த தட்டைக்குப் போகிறது. ஒரு கூட்டம் ஓர் இரவு மேய்ந்த இடத்தில் வரிசை வரிசையாகத் தட்டைகள் ஒரே பக்கம் படுத்துக் கிடக்கும். தின்றதைவிடச் சாய்த்தது பல மடங்கு. வெங்காயப் பாத்தியில் மூக்கால் கிளறிய இடம் ஏர் ஓட்டியது போல ஆகிவிடும். அதற்கு எதிராக ஒரு குடும்பத்தின் கையில் இருப்பவை, கொல்லையைச் சுற்றிக் கட்டிய பழைய புடவைகளும் இரவெல்லாம் தட்டுகிற தகரமும் பட்டாசும்தான்.

இப்போது தூரக் கணக்குக்கு வருவோம். வேப்பந்தட்டை வட்டத்தின் மேற்கு ஓரம் முழுக்கப் பச்சைமலை. மலையாளப்பட்டி, தொண்டமாந்துறை, விசுவக்குடி, அன்னமங்கலம் ஆகிய ஊர்களெல்லாம் அந்த மலையடிவாரத்தில்தான் இருக்கின்றன. மலையை விட்டு விலகிய சமவெளியிலும், மான்களுக்குப் பேர்போன வெண்பாவூர் போல, வயல்களுக்கு நடுவே துண்டு துண்டாகக் காடுகள் உண்டு. இந்தத் துண்டுகள்தான் விதியின் ஓட்டையைக் காட்டிக்கொடுக்கின்றன. ஒரு சதுர கிலோமீட்டர் பரப்புள்ள, ஏறக்குறைய வட்டமான ஒரு சிறு காட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் சுற்றி மூன்று கிலோமீட்டர் அளந்தால் ஏறத்தாழ 39 சதுர கிலோமீட்டர் நிலத்தில் சுடும் அனுமதி இல்லாமல் போகிறது. அதில் கிட்டத்தட்ட 7 சதுர கிலோமீட்டரில் பிடிக்கவும் வழியில்லை. காடு பத்து மடங்கு பெரிதானால் சுற்றிலும் முடங்கும் நிலம் 62 சதுர கிலோமீட்டர்தான். அதாவது காடு சிறுத்துத் துண்டாகும்போது, ஒவ்வொரு சதுர கிலோமீட்டர் காட்டுக்கும் கைகட்டி நிற்க வேண்டிய வயலின் அளவு பெருகுகிறது. பெரிய வனவிலங்குச் சரணாலயத்தைச் சுற்றி அர்த்தமுள்ளதாக இருக்கக்கூடிய ஒரு விதி, சிதறிய காடுகள் உள்ள மாவட்டத்தில் விவசாயிக்கு எதிராகவே வேலை செய்கிறது.

இந்தத் தூரத்தைச் சட்டம் கேட்கவும் இல்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 11ஆம் பிரிவில், இரண்டாம் அட்டவணை விலங்கு ஒன்று மனித உயிருக்கோ உடைமைக்கோ ஆபத்தாகிவிட்டால், தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் அளித்த அலுவலரோ அதை வேட்டையாட எழுத்து மூலம் அனுமதி தரலாம் என்கிறது. உடைமை என்பதில் எந்த நிலத்தில் நிற்கும் பயிரும் அடங்கும் என்று அந்தப் பிரிவே வெளிப்படையாகச் சொல்கிறது. அனுமதியைத் தனி விலங்குக்கு மட்டுமின்றி, குறிப்பிட்ட பகுதியில் உள்ள கூட்டத்துக்கும் தரலாம், எவருக்கும் தரலாம். 2022 திருத்தத்துக்குப் பின் காட்டுப்பன்றி இருப்பது இந்த இரண்டாம் அட்டவணையில்தான். ஆக, நாடாளுமன்றம் சேதத்தை அளவுகோலாக வைத்தது. அரசு நடைமுறை அதை எடுத்துவிட்டுக் கிலோமீட்டரை வைத்தது.

நடு வளையத்தின் கதி இன்னும் மோசம். பிடித்த பன்றியைக் காட்டில் விட வேண்டும் என்கிறார்கள். எந்தக் காட்டில்? வயல் சூழ்ந்த துண்டுக் காட்டில் விட்டால் அன்றிரவே அது அடுத்த கொல்லையில் இறங்கும். மலைக்கு ஏற்றிக்கொண்டு போய் விட்டால் அடிவாரத்து ஊர்களின் தலையில் விடிகிறது. அந்த ஊர்களோ முதல் வளையத்துக்குள் இருப்பதால் வாய் திறக்க முடியாது. நான்கு மாதத்துக்கும் குறைவான சினைக்காலத்தில் ஒரே ஈற்றில் பல குட்டிகள் போடும் விலங்கு இது. அதை இடம் மாற்றிக்கொண்டே இருப்பதைக் கட்டுப்பாடு என்று சொல்வதற்கில்லை.

மூன்றாம் வளையத்திலாவது வேலை நடக்கிறதா என்றால், அங்கே மனு குறுக்கே நிற்கிறது. கிராம நிர்வாக அலுவலர், ஊராட்சித் தலைவர், வனத்துறைப் பணியாளர் சேர்ந்த கிராமக் குழு வழியாகக் கோரிக்கை போக வேண்டும். பெரம்பலூரும் அரியலூரும் அடங்கிய 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்தது 2025 ஜனவரி 5 அன்று. அதே மாதத்தில் வந்த நடைமுறை, பதவியில் இல்லாத தலைவரைக் குழுவில் உட்கார வைத்தது. கதிர் பால் பிடித்து முற்றும்வரை உள்ள காலம் சில வாரங்கள்தான். மனு நகர்ந்து, ஆய்வு முடிந்து, துப்பாக்கியோடு ஆள் வருவதற்குள் தட்டை மாட்டுத் தீவனமாகியிருக்கும்.

மற்ற இடங்களின் அனுபவம் எதைக் காட்டுகிறது? கேரளம் 2022இல் அனுமதி தரும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களிடம் கொடுத்தது. உரிமத் துப்பாக்கி வைத்திருப்போரின் பட்டியலிலிருந்து ஆள் அழைக்கலாம். விஷம், வெடி, மின்சாரம் கூடாது. அங்கும் சுடுவதற்கு ஆள் கிடைப்பது சிரமம்தான், ஆனால் முடிவெடுப்பவர் சேதம் நடந்த ஊரிலேயே இருக்கிறார். அமெரிக்காவின் டெக்சாஸ் 2019இல், தனியார் நிலத்தில் உரிமையாளர் சம்மதித்தால் பன்றியைச் சுட வேட்டை உரிமமே வேண்டாம் என்றது. அங்கே பன்றிகள் இன்றும் இருபது லட்சத்துக்கு மேல் என மதிப்பிடப்படுகின்றன. மிசூரி மாநிலம் எதிர்த் திசையில் போய், 2016இல் தன் வனப்பாதுகாப்புத் துறை நிலங்களில் பன்றி வேட்டையைத் தடை செய்தது. ஒன்றிரண்டைச் சுட்டால் மீதிக் கூட்டம் சிதறிப் புது இடங்களுக்குப் பரவுகிறது, முழுக் கூட்டத்தையும் பொறியில் பிடிப்பதே பலன் தருகிறது என்பது அதன் காரணம். அவர்களுடையது வெளியிலிருந்து வந்து பெருகிய பன்றி, நம்முடையது மண்ணின் விலங்கு. அப்படியே இறக்குமதி செய்ய எதுவும் இல்லை. ஆனால் கேரளத்திலும் அந்த இரு மாநிலங்களிலும் விதி பார்ப்பது நிலத்தையும் கூட்டத்தையும் சேதத்தையும். காட்டின் ஓரத்திலிருந்து நாடா பிடித்து அளக்கும் வேலை அங்கே இல்லை.

சட்டப்படி வழி அடைபட்டால் சட்டத்துக்குப் புறம்பான வழி திறக்கிறது. தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே 2023 மார்ச்சில் மூன்று யானைகள் செத்தது, பன்றிக்கு வைத்த கள்ள மின்வேலியில்தான். அதே ஆண்டு மின்வேலிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்த அரசு தனி விதி கொண்டுவந்தது. ஆனால் கம்பியில் மின்சாரம் பாய்ச்சத் துணிபவர் விதி தெரியாமல் அதைச் செய்யவில்லை. ‘உன் கொல்லை இரண்டரை கிலோமீட்டரில் இருக்கிறது, அதனால் சுட முடியாது’ என்ற பதில் அவரை அந்தக் கம்பியை நோக்கித் தள்ளுகிறது. இந்த நடைமுறையை விலங்கு நேயத்தின் பெயரால் ஆதரிப்பவர்கள், கள்ள வேலியில் சாகும் யானையையும் மானையும் ஆளையும் தங்கள் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும்.

செய்ய வேண்டியவை எட்டாத உயரத்தில் இல்லை. ஒரு சதுர கிலோமீட்டரோ இரண்டோ உள்ள துண்டுக் காடுகளைத் தூரக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு, பச்சைமலை போன்ற தொடர்காட்டுக்கு மட்டும் ஒரு கிலோமீட்டர் பாதுகாப்பை வைத்துக்கொள்ளலாம். அதற்கு வெளியே சேதம் பதிவானதும் சில நாட்களுக்குள் முடிவு சொல்லும் அதிகாரத்தை வனச்சரக அலுவலருக்கு எழுத்து மூலம் தரலாம்; சட்டத்தின் 11ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. துப்பாக்கிக்கு முன்பு பெரிய கூண்டுப் பொறிகளை வைத்துக் கூட்டத்தோடு பிடிக்கலாம். ஏரிகளிலுள்ள சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றம் பலமுறை உத்தரவிட்டிருக்கிறது. அந்த வேலையைப் பன்றி தங்கும் ஏரிகளிலிருந்து தொடங்கினால் செலவு இரட்டைப் பலன் தரும். பயிர்க் காப்பீட்டில் வனவிலங்குச் சேதத்தைச் சேர்ப்பதாக மத்திய அரசு 2025 நவம்பரில் அறிவித்திருப்பதால், எந்த வயலில் எப்போது சேதம் என்ற பதிவு இனி எப்படியும் சேரப்போகிறது. அந்தப் பதிவையே அனுமதிக்கும் ஆதாரமாக எடுத்துக்கொண்டால், மானாவாரி மக்காச்சோளத்துக்குப் புரட்டாசியில் விதை போடும் ஒருவர் எல்லைக்கல்லைத் தேடி அலைய வேண்டிய அவசியம் இருக்காது.