விலக்கலும் மீட்டலும்: ஹாதார்னின் நாவல் பற்றிய ஒரு நோக்கு

தவறிய உறுப்பினரைக் கண்டிக்கவும் விலக்கவும் திருச்சபைக்கு உரிமை உண்டு என்பது கிறித்தவ மரபு. மத்தேயு நற்செய்தியின் 18ஆம் அதிகாரம் அதற்குரிய முறையை வகுக்கிறது. முதலில் தவறியவனிடம் தனித்துப் பேசுதல்; அவன் கேளாவிடின் ஓரிருவரை உடனழைத்துச் செல்லுதல்; அதன் பின்னரே சபைக்கு அறிவித்தல்; அதற்கும் இணங்காதவனை ஆயக்காரனைப் போலக் கருதுதல். சகோதரனை மீட்பதே இதன் நோக்கமாதலின், ஊரறியச் செய்தல் மூன்றாம் படியாகவே வைக்கப்பட்டுள்ளது.

இவ்வரிசை தலைகீழானால் விளைவது யாது? நதானியல் ஹாதார்ன் 1850இல் வெளியிட்ட 'ஸ்கார்லெட் லெட்டர்' என்னும் அமெரிக்க நாவல் இவ்வினாவையே ஆராய்கிறது. கதை நிகழுமிடம் 17ஆம் நூற்றாண்டுப் பாஸ்டன் நகரம். கணவனைப் பிரிந்திருந்த காலத்தில் குழந்தை பெற்ற ஹெஸ்டர், மார்பில் செந்நிற எழுத்தொன்றை அணிந்து ஊரார் முன் மேடையில் நிற்கிறாள். தண்டிப்போர் ஆட்சியாளர், உடனிருந்து வற்புறுத்துவோர் போதகர். அவளிடம் தனித்துப் பேசும் முதற்படிக்கு அங்கு இடமே இல்லை.

இது வெறுங்கற்பனையன்று. போதகர்களின் போதனையைக் குறைகூறிய ஆன் ஹட்சின்சன் என்னும் பெண்மணிக்கு 1637இல் மாசாசூசெட்ஸ் நீதிமன்றம் நாடுகடத்தல் விதித்தது. 1638 மார்ச்சில் பாஸ்டன் சபையும் அவரை விலக்கியது. அத்தீர்ப்பைக் கூறிய ஜான் வில்சன் என்னும் போதகரையே ஹாதார்ன் தம் நாவலிலும் உலவவிட்டுள்ளார். முதல் அதிகாரத்திலேயே ஹட்சின்சனின் பெயரையும் நினைவூட்டுகிறார். 1987இல்தான் அம்மாநில ஆளுநர் அவருக்கு மன்னிப்பு வழங்கினார்.

போதகர் டிம்ஸ்டேலின் போலித்தனமே இந்நாவலின் மையம் என்பர் சிலர். அது பாதி உண்மையே. குழந்தையின் தந்தையாகிய அவர் ஏழாண்டுகள் வாய்திறவாமல் வாடுகிறார். பிரசங்க மேடையில் தம்மைப் பாவியென்று பொதுப்படக் கூறும்போதோ சபையார் அதனைத் தாழ்மை என்று போற்றுகின்றனர். தண்டிக்க மட்டுமே அறிந்த சபையில் அறிக்கையிட அஞ்சுவது இயல்பன்றோ? ஹெஸ்டரைச் சபை வெளியே நிறுத்தியது. டிம்ஸ்டேலோ உள்ளிருந்தவாறே விலகிப்போனார். ஒரே ஒழுங்குமுறை விளைத்த இருவகை விலக்கல் இவை என்பதே நம் கருத்து.

எனினும் நாவலில் ஒரு குறையும் உண்டு. தண்டனை பெற்ற ஒருவனை மன்னித்துத் தேற்றுமாறு கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் பவுல் வேண்டுகிறார். ஒழுங்கின் இந்தக் கனிந்த முகத்தை ஹாதார்ன் காட்டவேயில்லை. 1692இல் சேலம் நகரில் நிகழ்ந்த சூனிய வழக்குகளில் நீதிபதியாயிருந்தவர் அவருடைய முன்னோர் ஒருவர். அந்தக் குடும்பப் பழியின் சுமை அவர் நோக்கை ஒருபுறமாகச் சாய்த்தது எனலாம்.

ஆயினும் முடிவில் அவர் அக்குறையை வேறொரு வழியில் ஈடுசெய்கிறார். நெடுங்காலம் கடல்கடந்து வாழ்ந்த ஹெஸ்டர், எவரும் அழையாமலே பாஸ்டனுக்குத் திரும்பி அவ்வெழுத்தை மீண்டும் அணிகிறாள். துயருற்ற பெண்கள் அவள் குடிலை நாடி வருகின்றனர். அவர்களோடு அவள் தனித்துப் பேசுகிறாள். சபை கைவிட்ட முதற்படி, அச்சபையால் ஒதுக்கப்பட்டவளின் குடிலிலேயே நிறைவேறுகிறது.