சட்டக் கட்டுரையைத் தேடும் வழிகள்: எது உதவும், எது உதவாது?

ஆசிரியர்களே, தமிழ்ப்பள்ளிகள் அரசமைப்புக்கு முரணானவை என்று தொடுக்கப்பட்ட வழக்கு 2021 டிசம்பரில் கோலாலம்பூர் உயர் நீதிமன்றத்தில் தள்ளுபடியானது. 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. பின்னர் கூட்டரசு நீதிமன்றம் மேல்முறையீட்டுக்கு அனுமதி தரவில்லை. இதெல்லாம் நமக்குத் தெரியும். ஆனால், 'ஏன் தள்ளுபடி?' என்று ஒரு பெற்றோர் கேட்டால் நாளிதழ்ச் செய்தி கைகொடுக்காது; சட்ட இதழ்க் கட்டுரைதான் வேணும்.

கூகளில் போட்டால் செய்தியாகத்தான் கொட்டும். கூகள் ஸ்காலர் பரவாயில்லை, ஆனால் அதுவும் நாம் போடும் சொல்லைப் பொறுத்தது. 'டமில் ஸ்கூல்' என்று தேடினால் பெரும்பாலும் கல்வியியல் கட்டுரைகளே வரும். சட்டக்காரர்கள் எழுதுவது 'வெர்னாகுலர் ஸ்கூல்', 'நேஷனல் டைப் ஸ்கூல்', மலாயில் 'பெர்காரா 152'. இவற்றைவிடக் கூர்மையான சொல் 'பப்ளிக் அத்தாரிட்டி'. 152-ஆம் பிரிவின்படி, பொது அதிகார அமைப்பின் நோக்கமும் அதிகாரப்பூர்வ நோக்கமே. அங்கே தேசிய மொழிதான். தமிழ்ப்பள்ளி அப்படி ஓர் அமைப்பா? இல்லை என்றது 2021 தீர்ப்பு. ஆனால் 1982-இல் மெர்டேக்கா பல்கலைக்கழக வழக்கில், தொடங்கவிருந்த அந்தச் சீனமொழிப் பல்கலைக்கழகம் பொது அதிகார அமைப்புதான் என்று தீர்ப்பானது. முடிச்சு இங்கேதான் இருக்கு. அந்த வழக்கின் பெயரையே போட்டுத் தேடுங்க, பழைய கட்டுரைகளும் சேர்ந்து வரும்.

அச்சில் தேடுவோருக்கு 1932 முதல் வரும் மலாயன் லா ஜர்னல் இருக்கிறது. அதன் கட்டுரைகளுக்குப் பெரும்பாலும் ரோமன் எண்ணில் பக்கம் போட்டிருப்பார்கள். தெரியாதவர் தீர்ப்புப் பக்கங்களைப் புரட்டிப் புரட்டிச் சலித்துவிடுவார். லெக்சிஸ், சிஎல்ஜே தளங்கள் வேலையை எளிதாக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் அவை வழக்கறிஞர் அலுவலகங்களுக்கான சந்தா. நம் பள்ளியைப் பற்றி எழுதியதைப் படிக்க நாமே காசு கட்டணும் என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

அதனால் இலவசமாகக் கிடைப்பதில் தொடங்கலாம். மலாயாப் பல்கலைக்கழகச் சட்டத்துறையின் ஜேஎம்சிஎல் 1974-இல் தொடங்கிய இதழ். உத்தாரா பல்கலைக்கழகத்தின் சட்ட இதழும் இணையத்தில் திறந்தே கிடக்கிறது. குறை என்னன்னா, ஒவ்வொரு தளத்திலும் தனித்தனியாகத் தேடணும். ஒரு நல்ல கட்டுரை கிடைத்தால் அடிக்குறிப்புகளை விடாதீங்க, அடுத்த நான்கு கட்டுரைகள் அங்கேயே இருக்கும். கட்டுரை வெளிவந்த ஆண்டையும் பாருங்க. 2023 நவம்பருக்கு முந்தியது என்றால், நீதிமன்றத் தளத்தில் மேல்முறையீட்டுத் தீர்ப்பை எடுத்துச் சேர்த்துப் படிங்க.